காய்ச்சல் விட்ட பிறகு இரத்தத்தைப் பாருங்கள்

(எமது நிதியத்தின் சுகாதாரக் குழுவினர் தோட்டக் குடும்பங்கள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்தில் கேட்கப்பட்ட சில கேள்விகளுக்கான பதில்களும் கடைசியில் சேர்க்கப்பட்டுள்ளன.)



ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் விறகு பொறுக்க, துணி துவைக்க, கடைக்குப் போக என்று உங்களுக்குக் கிடைக்கிறது. அதையும் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகையால் நேரத்தை வீணாக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். இன்றைக்கு நாங்கள் பேசப்போவது இரத்தத்தைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், விரல் நுனியில் எடுக்கிற ஒரு சொட்டு இரத்தத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிற வேலையைப் பற்றி. "இது டாக்டர்மார் பாத்துக்கிற வேலைதானே, நமக்கு எதுக்கு?" என்று நீங்கள் நினைக்கலாம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

திருகோணமலை நம்மில் பலருக்குத் தெரிந்த ஊர். கோணேசர் கோயிலுக்குப் போகிறோம், கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிக்கிறோம், துறைமுகத்தையும் கப்பலையும் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வடக்கு கிழக்குக்குப் போன நமது சொந்தக்காரர்களில் கொஞ்சப் பேர் அந்த மாவட்டத்திலேயே குடியிருக்கிறார்கள். கல்யாணம், சடங்கு, பள்ளிக்கூட விடுமுறை என்று போக்குவரத்து நடந்துகொண்டே இருக்கிறது. கண்டியில் பஸ் ஏறினால் தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் தாண்டித் துறைமுகத்தில் இறங்கலாம். நாம் ஏறுகிற அதே பஸ்ஸில் காய்ச்சலும் ஏறி வரும் என்பதுதான் நமது பேச்சின் தொடக்கம்.

2017ஆம் ஆண்டு இலங்கை முழுவதும் டெங்குக் காய்ச்சல் பரவியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த வருடம் நாட்டில் 1,86,101 பேருக்கு நோய் பதிவானது. 400க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அதற்கு முன்பு எந்த வருடத்திலும் இலங்கை அத்தனை நோயாளர்களைக் கண்டதில்லை. அந்த வருடத்தின் ஆரம்ப மாதங்களில் மிகவும் அடிபட்ட இடங்களில் ஒன்று திருகோணமலை மாவட்டம். அதிலும் கிண்ணியா. துறைமுகக் குடாவுக்குத் தெற்கே, தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர் அது. 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் பாலம் திறக்கும் வரைக்கும் பட்டணத்துக்குப் போவதென்றால் பாதையில்தான், அதாவது மிதவைப் படகில்தான், கடக்க வேண்டும். வெயில் ஊர், தண்ணீரைத் தொட்டியிலும் பீப்பாயிலும் பிடித்து வைத்துப் புழங்குகிற ஊர். டெங்கு நுளம்புக்கு வேறென்ன வேண்டும்? மார்ச் மாதத்தில் கிண்ணியாவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் என்று பத்திரிகைகளில் படித்தோம். பிள்ளைகளும் பெரியவர்களும் இறந்தார்கள்.

டெங்கில் சாவு எந்த நேரத்தில் வருகிறது என்று கேட்டால், நம் ஆட்களில் பாதிப் பேர் "காய்ச்சல் ஏறி உடம்பு கொதிக்கும்போது" என்றுதான் சொல்லுவார்கள். அங்கேதான் பிழைக்கிறது. முதல் 3 நாள் கடுங்காய்ச்சல் இருக்கும், தலை வெடிக்கும், கண்ணுக்குப் பின்னால் வலிக்கும், மேல் முழுக்க அடித்துப் போட்டது மாதிரி இருக்கும். அந்த நாட்களில் பெரும்பாலும் உயிர் போவதில்லை. 3, 4, 5ஆம் நாள் அளவில் காய்ச்சல் இறங்கும். உடம்பு சில்லென்று இருக்கும். "அப்பாடா, விட்டுருச்சு" என்று தாய் கொழுந்துக்குப் போவாள். ஆபத்து தொடங்குவது அந்த நேரத்தில்தான்.

ஏன் என்று விளங்குவதற்கு இரத்தத்தின் உள்ளே போக வேண்டும்.

இரத்தம் பார்வைக்கு ஒரே சிவப்பு. ஆனால் அது கஞ்சி மாதிரி. கஞ்சியில் தண்ணியும் இருக்கிறது, சோறும் இருக்கிறது அல்லவா? இரத்தத்தின் தண்ணீர்ப் பகுதிக்குப் பிளாஸ்மா என்று பெயர், பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் திரவவிழையம் என்று இருக்கும். இளமஞ்சள் நிறம். அதில் மிதக்கிற சோற்றுப் பருக்கைகள்தான் செங்குழியங்கள். அவற்றோடு வெண்குழியங்களும், இரத்தத்தை உறைய வைக்கிற சிறுதட்டுகளும் கொஞ்சம் உண்டு. சிறுதட்டுகளைத்தான் வார்ட்டில் "பிளேட்லட்" என்கிறார்கள். 100 பங்கு இரத்தத்தில் ஏறக்குறைய 55 பங்கு பிளாஸ்மா, மீதி குழியங்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் குழியப் பங்கு இன்னும் கொஞ்சம் குறைவு.

டெங்கு கடுமையாகும்போது மிகச் சிறிய இரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்குகிறது. செங்குழியம் பெரிசு, அது வெளியே போகாது. பிளாஸ்மா மட்டும் ஒழுகி நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் போய்த் தேங்கும். கஞ்சியில் தண்ணி வற்றிப்போனால் என்னவாகும்? சோறு கெட்டியாகும். அதே மாதிரி குழாய்க்குள் மிஞ்சிய இரத்தம் கெட்டியாகிறது. இருதயம் இறைப்பதற்குப் போதிய அளவு இல்லாமல் போகிறது. கை கால் குளிரும், நாடி மெலியும், சிறுநீர் குறையும். இந்தக் கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் வரைக்கும் நடக்கும், பிறகு தானாகவே நின்றுவிடும். அந்த ஒன்று இரண்டு நாளைத் தாண்ட வைப்பதுதான் டெங்கு வைத்தியம் முழுவதும். டெங்கு வைரசைக் கொல்கிற மாத்திரை என்று இன்றைய தேதி வரைக்கும் வைத்தியசாலையில் ஒன்றும் கிடையாது.

அப்படியானால் கசிகிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெளியே இரத்தம் வடிந்தால் கண்ணுக்குத் தெரியும். இது உள்ளுக்குள்ளே நடக்கிறது. இங்கேதான் இரத்தத்தைப் பிரிக்கிற வேலை வருகிறது.

நெருப்புக்குச்சியை விட மெல்லிய ஒரு கண்ணாடிக் குழாய், நீளம் 75 மில்லிமீற்றர், உள்ளே 1 மில்லிமீற்றர் அளவுதான் துளை. மயிர்த்துளைக் குழாய் என்று பெயர். விரலில் குத்தி வருகிற சொட்டின் மேல் அதைச் சாய்த்துப் பிடித்தால் இரத்தம் தானாக ஏறும், உறிஞ்ச வேண்டியதில்லை. விளக்குத் திரியில் மண்ணெண்ணெய் ஏறுவதும் இதே காரியம்தான். பிறகு ஒரு முனையைக் களிமண் மாதிரியான பசையால் அடைத்து, சிறிய சுழல் இயந்திரத்தில் வைத்து நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் சுமார் 5 நிமிடம் சுற்றுவார்கள். கனமான செங்குழியங்கள் ஓரத்துக்குப் போய் இறுகி நிற்கும். அதன் மேலே வெள்ளையாக ஒரு மெல்லிய கோடு, அது வெண்குழியமும் சிறுதட்டும். அதற்கு மேலே மஞ்சள் பிளாஸ்மா. மொத்த உயரத்தில் சிவப்பு எத்தனை பங்கு என்று அளவுச் சட்டத்தில் வைத்துப் பார்ப்பதுதான் பி.சி.வி. சோதனை. இதன் மூல வடிவத்தை, கொஞ்சம் பெரிய குழாயில், 1929ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மக்ஸ்வெல் வின்ட்ரோப் என்ற வைத்தியர் சீர்ப்படுத்திக் கொடுத்தார். அதன் பிறகு எத்தனையோ பெரிய இயந்திரங்கள் வந்தும், இந்தச் சின்னக் குழாய் வேலையை விட்டுப் போகவில்லை. நமது நாட்டு டெங்கு வார்ட்டுகளில் நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இந்தச் சோதனையைச் சில மணித்தியாலத்துக்கு ஒரு தடவை செய்கிறார்கள். திரும்பத் திரும்ப விரலில் குத்துகிறார்களே என்று தாதிமாரோடு சண்டை பிடிக்காதீர்கள். அந்தக் குத்துதான் பிள்ளையைக் காப்பாற்றுகிறது.

கணக்கைப் பாருங்கள். நல்லாயிருந்த காலத்தில் ஒரு பிள்ளையின் பி.சி.வி. 35 என்று வைத்துக்கொள்வோம். அது 42 ஆனால் 20 வீதம் கூடியிருக்கிறது. செங்குழியம் புதிதாக ஊறவில்லை, தண்ணி போய்விட்டது என்று அர்த்தம். வைத்தியர் உடனே சேலைனைக் கணக்குப் பார்த்து ஏற்றுவார். கூடவும் ஏற்றக் கூடாது. கசிகிற நேரத்தில் அளவுக்கு மீறி ஏற்றினால் அதுவும் ஒழுகி நெஞ்சில் தேங்கி மூச்சை அடைக்கும். மாறாக, பி.சி.வி. திடீரென்று இறங்கி நாடியும் வேகமாக அடித்தால், உள்ளே எங்கேயோ இரத்தம் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். மேலே போனால் ஒரு வைத்தியம், கீழே போனால் வேறு வைத்தியம். எல்லாம் அந்த விரல் நீளக் குழாய் சொல்லுகிற சேதி.

இப்போது நமது தாய்மார்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று. தோட்டத்துப் பெண்கள் பலருக்கு இரத்தம் குறைவு. சாப்பாடு, மாதவிலக்கு, பிள்ளைப் பேறு என்று காரணம் பல. அப்படிப்பட்ட ஒரு தாயின் பி.சி.வி. வழக்கமாகவே 30தான் என்று வைப்போம். அவளுக்கு டெங்கு வந்து கசிவு ஏற்பட்டு 36க்கு ஏறினால், அதுவும் 20 வீதம்தான், ஆபத்தான ஏற்றம்தான். ஆனால் 36 என்ற எண்ணைப் புதிதாகப் பார்க்கிறவருக்கு "நல்லாத்தானே இருக்கு" என்று தோன்றும்! இரத்தக் குறைவு கசிவை மறைத்துவிடும். ஆகவே கிளினிக்கில் தருகிற கர்ப்பிணி அட்டை, பழைய இரத்த ரிப்போட் எல்லாவற்றையும் பெட்டிக்குள் பத்திரமாக வையுங்கள். வைத்தியசாலைக்குப் போகும்போது கையோடு கொண்டுபோய், "எனக்கு எப்பவுமே இரத்தம் கம்மிங்க, போன தடவை இவ்வளவு இருந்திச்சு" என்று காட்டுங்கள். வைத்தியருக்கு அந்தப் பழைய துண்டுக் கடதாசியின் அருமை தெரியும்.

சரி, வைத்தியசாலையில் எல்லாம் இருக்கிறது. நமக்கும் வைத்தியசாலைக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் பிரச்சினை. ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்லுகிறோம், பெயர் வேண்டாம். பள்ளி விடுமுறைக்குத் திருகோணமலையில் பெரியம்மா வீட்டுக்குப் போய் வந்த பிள்ளைக்குக் காய்ச்சல். 3ஆம் நாள் பட்டணத்தில் இரத்தம் கொடுத்தார்கள். ரிப்போட்டை மறுநாள் வந்து எடுக்கச் சொன்னார்கள். மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ரிப்போட் எடுக்கப் போனால் ஒரு பேர் போய்விடும் என்று தகப்பன் வேலைக்குப் போனார், தாயும் போனாள். பிள்ளைக்காம்பராவில் இருந்த அக்காதான் பிள்ளை சோர்ந்து கிடக்கிறதையும் கை சில்லிட்டிருக்கிறதையும் பார்த்து ஆள் அனுப்பினாள். லொறியில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. அந்தப் பெற்றோரை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஒரு நாள் பேர் என்பது என்னவென்று எங்களுக்கும் தெரியும். ஆனால் சோதனை பிள்ளை இருக்கிற இடத்திலேயே, பத்து நிமிடத்தில் முடிந்திருந்தால் இந்த ஓட்டம் எதற்கு?

இரத்தத்தைத் தூரத்துக்கு அனுப்புவதில் வேறு சிக்கலும் உண்டு. குழாயில் எடுத்த இரத்தம் செத்த பொருள் கிடையாது. அதிலுள்ள குழியங்கள் வெளியே வந்த பிறகும் சீனியைத் தின்றுகொண்டே இருக்கும். பிரிக்காமல் வைத்தால் மணித்தியாலத்துக்கு 5 முதல் 7 வீதம் வரைக்கும் சீனி குறைந்துபோகும். பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் போனால் செங்குழியங்கள் உடைந்து பொட்டாசியம் என்ற உப்பு வெளியே வந்து, நோயாளிக்கு இல்லாத கோளாறை ரிப்போட்டில் காட்டும். அதனால்தான் ஆய்வுகூடங்களில் இரத்தம் வந்தவுடன் முதல் வேலையாகச் சுழற்றிப் பிளாஸ்மாவைத் தனியாக எடுத்து வைக்கிறார்கள். பிரித்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. பிரிப்பதற்குத்தான் இயந்திரம், மின்சாரம், ஆள் என்று எல்லாம் வேண்டியிருக்கிறது.

உலகத்தில் பல விஞ்ஞானிகள் இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் பாடுபடுகிறார்கள். இயந்திரத்தைச் சுருக்கி, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சில்லுக்குள் முழு ஆய்வுகூடத்தையும் வைக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். தலைமயிர் அளவு அகலமுள்ள வாய்க்கால்களை ஒரு பிளாஸ்டிக் துண்டில் வெட்டி, அதில் இரத்தச் சொட்டை ஓட விடுகிறார்கள். இதற்கு நுண்பாய்மக் கருவி என்று பெயர். பெயர்தான் பெரிசு, காரியம் நம்ம தோட்டத்துக் கான் மாதிரிதான்.

மழை பெய்து கான் நிறைந்து ஓடும்போது பார்த்திருப்பீர்கள். நடுவில் வேகம், கரையோரம் மெதுவு. இரத்தமும் மெல்லிய வாய்க்காலில் அப்படித்தான் ஓடுகிறது. செங்குழியங்கள் நடுவுக்கு ஒதுங்கிக்கொள்ளும். சுவரோரத்தில் குழியமில்லாத வெறும் பிளாஸ்மா ஒரு மெல்லிய படையாக ஓடும். மெல்லிய குழாயில் இரத்தம் விசித்திரமாக நடந்துகொள்வதை ஃபோரேயஸ், லிண்ட்குவிஸ்ட் என்ற இருவர் 1931ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார்கள். இன்னொரு சங்கதி, பெரிய கானிலிருந்து சின்னக் கான் ஒன்று பிரிகிற இடத்தில் மிதந்து வருகிற குப்பை எந்தப் பக்கம் போகும்? வேகமாக ஓடுகிற பக்கம்தான். செங்குழியமும் அப்படியே. ஆகவே வாய்க்காலின் பக்கச் சுவரில் மெதுவாக ஓடுகிற சின்னக் கிளைகளை வெட்டிவிட்டால் அவற்றுக்குள் பெரும்பாலும் பிளாஸ்மா மட்டும் வந்து சேரும். சுற்றுகிற இயந்திரம் தேவையில்லை. இயற்கை நம் உடம்பின் சின்னக் குழாய்களில் ஏற்கனவே செய்து வைத்திருக்கிற ஏற்பாட்டைத்தான் இவர்கள் பிளாஸ்டிக்கில் படி எடுக்கிறார்கள்.

வேறொரு வழி வடிகட்டுவது. கடுதாசியில் தேத்தண்ணி சிந்தினால் என்ன நடக்கிறது? தண்ணி பரவிக்கொண்டே போகும், தேயிலைத் தூள் விழுந்த இடத்திலேயே நிற்கும். டெங்குக்கு என்.எஸ்.1 என்று ஒரு கீற்றுச் சோதனை இருக்கிறதல்லவா? காய்ச்சலின் ஆரம்ப நாட்களில் செய்வது. அதில் இரத்தத்தை விடுகிற இடத்தில் கண்ணாடி இழையால் ஆன ஒரு சின்னத் திண்டு வைத்திருப்பார்கள். செங்குழியங்கள் அந்த இழையில் மாட்டிக்கொள்ளும், பிளாஸ்மா மட்டும் ஊறிப் போய்க் கோட்டைக் காட்டும். சிவப்பும் சேர்ந்து போனால் கோடு கண்ணுக்குத் தெரியாது. 2007ஆம் ஆண்டில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்து ஜோர்ஜ் வைட்சைட்ஸ் குழுவினர் வெறும் கடுதாசியிலேயே வாய்க்கால் கட்டிக் காட்டினார்கள். நமது பக்கத்து நாட்டில், பெங்களூரில், அச்சிரா என்ற நிறுவனத்தார் பட்டு நூலைக் கைத்தறியில் நெய்து அதையே சோதனைக் கீற்றாக ஆக்கி 2011ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். நெசவாளி கையால் ஒரு ஆய்வுகூடம் உருவாவது எங்களுக்கு மிகவும் பிடித்த சேதி.

மலேரியாக் கீற்றில் கதை தலைகீழ். மலேரியாக் கிருமி செங்குழியத்துக்கு உள்ளேயே குடியிருப்பது, எனவே அங்கே குழியத்தை உடைத்துத்தான் பார்க்க வேண்டும். திருகோணமலை மாவட்டமும் ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர் போன உலர் வலயம். வயல் வேலைக்குப் போய் நடுக்கத்தோடு திரும்பி வந்த ஆட்களைப் பெரியவர்கள் கண்டிருப்பீர்கள். 1999ஆம் ஆண்டில்கூட இலங்கையில் இரண்டரை லட்சத்துக்கு மேல் மலேரியா நோயாளர் இருந்தார்கள். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. ஊர் ஊராகப் போய், காய்ச்சல்காரர் விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்த மனிதர்களின் உழைப்புக்கு அதில் பெரிய பங்கு. 30 வருட யுத்தம் நடந்த இடங்களிலும் அவர்கள் போனார்கள்.

எங்கள் மனசைக் கவர்ந்தது இன்னொன்று. நம் பிள்ளைகள் சோடா மூடியைத் தட்டித் தட்டையாக்கி, நடுவில் இரண்டு ஓட்டை போட்டு, நூலைக் கோத்து, இரண்டு கையாலும் இழுத்து 'விர்ர்' என்று சுற்றுகிற விளையாட்டு இருக்கிறதே, அதைப் பார்த்து ஒரு விஞ்ஞானி இரத்தம் பிரிக்கிற கருவி செய்திருக்கிறார். மனு பிரகாஷ் என்பவர், இந்தியாவில் பிறந்தவர், அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருப்பவர். 2017ஆம் ஆண்டில், கிண்ணியாவில் டெங்கு பரவிய அதே வருடத்தில், அவரது குழு இதை வெளியிட்டது. கடுதாசி வட்டில், நூல், கைப்பிடி, அவ்வளவுதான். எடை 2 கிராம். செலவு அமெரிக்கக் காசில் 20 சதம். கையால் இழுக்கும்போது அது நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரைக்கும் போகிறதாம்! வட்டில் ஒட்டி வைத்த மயிர்த்துளைக் குழாயில் ஒன்றரை நிமிடத்துக்குள் பிளாஸ்மா பிரிந்துவிடுகிறது. மின்சாரமே வேண்டாம். லயத்து வாசலில் பிள்ளைகள் அதைச் சுற்றும்போது "சும்மா நிப்பாட்டு, கண்ணுல பட்டுரும்" என்று நாமெல்லாம் அதட்டியிருக்கிறோம். அதற்குள் இப்படி ஒரு விஷயம் இருக்கும் என்று யார் கண்டது?

இதையெல்லாம் கேட்டுவிட்டு, ஒரு சொட்டு இரத்தத்தில் எல்லா நோயையும் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது மிஷின் கொண்டுவந்து விற்றால் வாங்கிவிடாதீர்கள். அமெரிக்காவிலேயே தெரானோஸ் என்று ஒரு கம்பெனி அப்படிச் சொல்லிக் கோடி கோடியாகப் பணம் திரட்டியது. 2018இல் கம்பெனி மூடப்பட்டது. அதை நடத்திய எலிசபெத் ஹோம்ஸ் முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்காக 2022 ஜனவரியில் குற்றவாளியாகக் காணப்பட்டார். விரல் சொட்டுக்கு ஒரு எல்லை உண்டு. விரலைப் பிதுக்கிப் பிதுக்கி எடுத்தால் சதையிலுள்ள நீரும் கலந்துவிடும், ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் கணக்கு மாறும். சீனி, ஹீமோகுளோபின், பி.சி.வி. மாதிரிச் சில சோதனைகளுக்கு விரல் சொட்டு போதும். எல்லாவற்றுக்கும் போதாது. சீனி பார்க்கிற கைமிஷினிலும் கீற்றின் ஓரத்தில் ஒரு மெல்லிய வாய்க்கால்தான் இரத்தத்தை உறிஞ்சுகிறது, அதுவும் இந்தக் குடும்பத்துப் பொருள்தான். மிஷினை ஒரு தரம் வாங்குகிறோம், கீற்றை மாதா மாதம் வாங்குகிறோம். வாங்கும் முன் கீற்றின் விலையைக் கேளுங்கள்.

இனி நாம் செய்ய வேண்டியது. திருகோணமலைக்கோ வேறு வெயில் ஊருக்கோ போய் வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், போய் வந்த கதையை மருந்து ஐயாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வலி தாங்காமல் கடையில் அஸ்பிரின், புரூபன், டைக்குளோபினாக் வாங்கிப் போடக் கூடாது, இரத்தக் கசிவு வரும். பரசிட்டமோல் மட்டும், அதுவும் வயசுக்குரிய அளவு. காய்ச்சல் தொடங்கி 3ஆம் நாள் முழு இரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் 3 நாள் காத்திருக்கக் கூடாது. வெறும் தண்ணீராகக் குடிக்காமல் கஞ்சி, ஜீவனி, இளநீர், பழச்சாறு என்று கொடுங்கள். சிவப்பு, கபில நிறச் சாப்பாட்டைத் தள்ளி வையுங்கள், வாந்தி எடுத்தால் அது இரத்தமா சாப்பாடா என்று தெரியாமல் போகும். வயிற்று வலி, விடாத வாந்தி, சோர்வு, கை கால் குளிர்தல், சிறுநீர் குறைதல், எங்கேயாவது இரத்தம் கசிதல், இதில் ஒன்று கண்டாலும் ராத்திரி என்று பார்க்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

நுளம்பைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும். இப்போதைக்கு ஒன்று. காற்றில் தகரம் பறக்காமலிருக்க லயத்துக் கூரையில் பழைய டயர் போட்டு வைத்திருக்கிறோம். அதற்குள் மழைத்தண்ணி நிற்கிறது. டயருக்குப் பதிலாகக் கல்லோ மண்மூட்டையோ வையுங்கள், இல்லாவிட்டால் டயரில் ஓட்டை போட்டு விடுங்கள். கீழ்நாட்டு, நடுநாட்டுத் தோட்டங்களுக்கு இது மிக அவசரம்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்:

ஒரு தாய் பப்பாசி இலைச் சாற்றைப் பற்றிக் கேட்டார். பிளேட்லட் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் டெங்கில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் பிளாஸ்மாக் கசிவு, அதை இலைச்சாறு நிறுத்துவதாக யாரும் நிரூபிக்கவில்லை. கசப்பில் வாந்தி எடுத்தால் பிள்ளைக்கு இன்னும் தண்ணி குறையும். சாற்றைக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே வைத்திருப்பதுதான் எங்களுக்குப் பயம்.

ஒரு தம்பி, "ரிப்போட்டில் பிளேட்லட் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினா கதை முடிஞ்சுதா?" என்று கேட்டார். இல்லை தம்பி. ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்குவது கசிவு தொடங்கலாம் என்பதற்கு ஒரு மணி அடிக்கிற மாதிரி. உடனே வார்ட்டில் இருக்க வேண்டும், பி.சி.வி.யைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். முறையாகப் பார்த்தால் பெரும்பாலானவர்கள் நல்லபடி வீடு திரும்புகிறார்கள்.

"அந்தச் சின்னச் சுத்துற மிஷின் நம்ம டிஸ்பென்சரிக்கு வருமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி, ஐயா. மிஷின் ஒன்று போதாது. மயிர்த்துளைக் குழாய் முடிய முடிய வாங்கிப் போட வேண்டும். கரண்ட் ஒழுங்காக வேண்டும். குழாயைச் சரியாக வாசிக்கப் பழகிய ஒருவர் வேண்டும். எல்லாவற்றையும் விட, எண் ஏறினால் பிள்ளையை அந்த நேரமே கொண்டுபோக வண்டி வேண்டும். வண்டியில்லாத இடத்தில் எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆகையால் இந்த நான்கையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். ராத்திரி அவசரத்துக்குத் தோட்ட லொறி எந்த ஆளிடம் சொன்னால் வரும், சாவி யாரிடம் இருக்கிறது என்பதை ஒவ்வொரு டிவிஷனிலும் எழுதிக் கொடுங்கள் என்று தலைவர்மாரிடம் சொல்லியிருக்கிறோம். பெயர்கள் வந்து சேர்ந்ததும் பிரட்டுக்களத்திலும் பிள்ளைக்காம்பராக் கதவிலும் ஒட்டிவிடுவோம்.